அவர் வந்தான்

பதிப்பகத்தில் அவளை எல்லாரும் ‘ஒற்றக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். விட்டுப்போன ஒற்றெழுத்துகள், க், ச், த், ப் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் அவள் இட்டு நிரப்பும் வேகம் அப்படி. பிழை திருத்துவதே வேலையாகிப் போனவள். கணவன் எழுதிக் கொடுக்கும் சாமான் சீட்டைக்கூடத் திருத்திவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் வந்தது. முதல் நாவல் எழுதியிருந்த பெண்.

“அக்கா, இப்பதான் நீங்க அனுப்பின பைலைப் பார்த்தேன். ஏழாவது அத்தியாயத்துல ‘அவர் வந்தான்’னு எழுதியிருந்தேனே, எல்லாத்தையும் ‘வந்தார்’னு மாத்திட்டீங்களா?”

“ஆமாம்மா. அவர்னா வந்தார்தானே? நிறைய இடத்துல தப்பா இருந்துச்சு.”

“என் கதாநாயகியோட புருஷன் அவளை அடிக்கிறவன்க்கா. ‘அவன்’னு சொல்ல அவளுக்கு வாய் வராது. வாக்கியத்தோட கடைசிச் சொல்லுல மட்டும்தான் மரியாதையை விடுவா. அந்த அத்தியாயமே அதுதான்.”

நாவல் அச்சகத்துக்குப் போய்விட்டிருந்தது. ஒற்றக்கா டப்பாவை மூடிவிட்டு மூலப்படியை எடுத்துப் படித்தாள். ‘அவர் கதவைச் சாத்தினான். அவர் பெல்ட்டைக் கழற்றினான்.’ அவள் திருத்தியதில் அந்த ஆள் மரியாதையாகக் கதவைச் சாத்தி, மரியாதையாகப் பெல்ட்டைக் கழற்றியிருந்தார்.

அச்சகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. பதிப்பாளர் அறைக்கு ஓடி நடந்ததைச் சொன்னாள்.

“இந்தக் காலத்துல யாரும்மா இலக்கணம் பாக்குறாங்க? விடுங்க” என்றார்.

“இலக்கணம் சரியா இருக்கிறதுதான் சார் இப்ப பிரச்சினை.”

அவர் சிரிக்கவில்லை. “மெஷின் ஓடிட்டா நிறுத்த முடியாது. போய்ப் பாருங்க.”

பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. அச்சகத்துக்குள் நுழைந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் போர்மேன் ஒரு தாளை உருவிக் காட்டினார். ஐந்தாவது அத்தியாயம். ஏழாவதுக்கு இன்னும் அச்சுப் பிளேட் போடவில்லையாம்.

ஒற்றக்கா போன் செய்ததும் எழுதிய பெண்ணும் வந்து சேர்ந்தாள். அச்சகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருவரும் ஒவ்வொரு சொல்லாகப் பழையபடி மாற்றினார்கள். குழந்தை பிறந்ததைச் சொல்லும் இடத்தில் ஒற்றக்காவின் விரல் நின்றது. மூலப்படியில் அங்கேயும் ‘அவர் சிரித்தான்.’

“இங்க அவ சந்தோஷமாத்தானே இருக்கா? இதுவும் தெரிஞ்சுதான் எழுதினியா?”

“தெரியலைக்கா. எழுதுற வேகத்துல வந்திருக்கும்.”

“அப்ப பிழையா?”

அந்தப் பெண் நகத்தைக் கடித்தாள். “அதுவும் தெரியலை.”

போர்மேன் அவசரப்படுத்தினார். ‘சிரித்தான்’ என்றே போட்டார்கள்.

புத்தகம் வந்த பிறகும் ஒற்றக்காவின் பேனா முன்போல் ஓடவில்லை. ஒவ்வொரு பிழைக்கும் எழுதியவருக்கே போன் போட்டுக் கேட்கிறாள். வேலை தேங்குகிறதென்று பதிப்பாளர் முணுமுணுக்கிறார். “ஐயையோ, அது சும்மா தப்புதாங்க” என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்கிறார்கள். அப்பாடா என்று திருத்துகிறாள். அடுத்த பக்கத்தில் இன்னொன்று கண்ணில் பட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, அதே வரியை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள்.