வரைபடத்தின் பின்பக்கம்

காலையில் டைரியைத் திறந்ததும் முதலில் வானிலை எழுதுவேன். அடுத்தது பசிபிக். எண்பது சொச்சம் ஆண்டுகளுக்கு முன், போர் நடந்த காலத்தில், இதே தேதியில் அந்தக் கடலில் என்ன நடந்தது என்று புத்தகங்களைப் பார்த்து இரண்டு வரி. பெரிய சண்டைகளில் எனக்கு ஆர்வமில்லை. அவற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியது மற்ற நாட்கள். அரிசி ஏற்றிவந்த கப்பல் கரையை நெருங்க முடியாமல் திரும்பியது. மழை, விமானங்கள் கிளம்பவில்லை. ரோந்து போனவர்கள் யாரையும் பார்க்காமல் வந்து சேர்ந்தார்கள். நான் வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் முடிந்ததும் எழுதும் ரிப்போர்ட் மாதிரிதான் இருக்கும்.

எழுதி முடித்ததும் சுவரிலிருக்கும் வரைபடத்தில் குண்டூசிக் கொடிகளை நகர்த்துவேன். சிவப்பு ஜப்பான், நீலம் அமெரிக்கா. நியூ கினி, சாலமன் தீவுகள் எல்லாம் நான் கையால் வரைந்தவை. எனக்குச் சர்வே பிரிவில், படம் வரையும் அறையில் வேலை. அங்கே கழித்துப்போட்ட பழைய பிளான் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, வெறுமையாக இருந்த மறுபக்கத்தில் வரைந்திருந்தேன்.

"ஜப்பான்காரன் நமக்கு என்ன ஒறவா? தெனம் தூக்கி வச்சு அழகு பாக்குறீங்க," என்பாள் மனைவி. "கேஸ் புக் பண்ணியாச்சான்னு அந்த டைரியில பாத்துச் சொல்லுங்க."

போன மழைக்காலத்தில் ஒரு காலை, நீலக் கொடி ஒன்று இடம் மாறியிருந்தது. நான் குத்திய துளை காலியாக இருக்க, அதற்குப் பக்கத்தில் புதுத் துளை. குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவர்தான். வெளியிலிருந்து வருபவர், வீட்டு வேலை செய்யும் பெண்மணி மட்டும். மைன்ஸுக்குத் தெற்கே உள்ள ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார். கணவருக்கு கான்ட்ராக்ட் வேலை.

அன்றுமுதல் அவரைக் கவனித்தேன். முன்பெல்லாம் அந்த அறையை ஓட்டமாகப் பெருக்கிவிட்டுப் போவார். இப்போது கடைசியாக, மெதுவாகப் பெருக்கினார்.

"சார், இந்தக் கொடி முந்தாநேத்து இங்க இல்ல இருந்துச்சி?"

"நகர்த்தினேன்."

"யாரு சொல்லி நகத்துனீங்க?"

"யாரும் சொல்லலம்மா. புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்துலயே போட்டுட்டாங்களா!"

துடைப்பம் அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டொரு நாளில், அவர் வரைபடத்துக்கு நேராக செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். நான் வாசலில் நிற்பது தெரிந்ததும் போனைக் காதுக்குக் கொண்டுபோய் "அலோ, அலோ" என்றார். மணி அடிக்கவே இல்லை. அந்த வாரமே ஒரு பைக் எங்கள் வீட்டெதிரே வேகம் குறைந்து போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்தவர் கழுத்தைத் திருப்பி, அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனார். வீட்டை நோட்டம் பார்க்கிறார்கள் என்று டைரியில் எழுதினேன். அறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன்.

பூட்டைப் பார்த்த அந்த அம்மா மற்ற அறைகளைப் பெருக்கிவிட்டுப் போனார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

மனைவிதான் போன் செய்து விசாரித்தாள். "அவங்க ஊர்ல வீடு கட்டிட்டு இருந்தாங்கள்ல, சுவரோட நிக்குதாம். கம்பியெல்லாம் எறக்கிட்டுத் தளம் போடாம நிறுத்திட்டாங்களாம். ஏன்னு கேட்டா உங்க ரூம்ல இருக்குற படத்தச் சொல்றாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் மைன்ஸுக்கு நிலம் எடுக்கும்போது முதலில் படம் வரும், பிறகு கொடி நடுவார்கள், பிறகு நோட்டீஸ். அடுத்து எந்த ஊர் என்பதுதான் அங்கே எப்போதும் பேச்சு. மைன்ஸுக்குப் போகப்போகிற மண்ணில் யார் தளம் போடுவார்கள்?

மறுபடி அவர் வந்த அன்று பூட்டைத் திறந்து உள்ளே கூப்பிட்டேன்.

"இது கடல்மா. ஜப்பான்காரங்க சண்டை போட்ட எடம். நம்ம ஊரே இல்ல."

"கடலா? தண்ணியவே காணோம்?"

கடலுக்கு நான் வண்ணம் தீட்டவில்லை. வெள்ளையாகவே விட்டிருந்தேன்.

"செரி, கடலாவே இருக்கட்டும். பின்னாடி எதுக்கு சார் மைன்ஸ் ஆபீஸு பேரு, சர்வே நம்பரெல்லாம்? ஒட்டடை அடிக்கச்சொல்ல பொறட்டிப் பாத்தேன். கொடி ஒண்ணு வுழுந்துது, எடுத்துக் குத்திட்டேன். பின்பக்கத்தயும் போட்டோ புடிச்சேன், எம் பொண்ணு படிச்சிச் சொன்னா."

ஊசிகளைப் பிடுங்கிவிட்டு வரைபடத்தை இறக்கித் தரையில் கவிழ்த்து விரித்தேன். எப்போதோ தோண்டி, நிலக்கரி எடுத்து, மண் நிரப்பி, மரமும் வைத்துவிட்ட பகுதி அது. விரலால் காட்டிச் சொன்னேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"முன்பக்கம் பொய்யின்னா பின்பக்கம் மட்டும் எப்டிங்க நெசமாவும்?"

"முன்பக்கமும் பொய் இல்லம்மா."

"அப்ப ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. எங்க ஊர எடுப்பாங்களா, மாட்டாங்களா? மாட்டாங்கன்னு நீங்க சொன்னா நாளைக்கே தளம் போட்டுர்றோம்."

சமையலறை வாசலில் மனைவி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தீவுகளில் நாளை எந்தக் கொடி எங்கே போகும் என்று என்னால் சொல்ல முடியும். பஸ்ஸில் போகிற தூரத்திலிருக்கும் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எல்லாம் முடிவான பிறகுதான் எந்தப் பிளானும் என் மேசைக்கு வரும். "மாட்டாங்க" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன்.

அவர் தரையில் கிடந்த கொடிகளைப் பொறுக்கி, சிவப்பு தனியாக, நீலம் தனியாக என் கையில் வைத்தார்.

"இத்தினி நாளா சொன்னதுல இது ஒண்ணுதான் நெசமாட்டம் இருக்குது."

தை மாதம் அவர்கள் புது வீட்டில் பால் காய்ச்சக் கூப்பிட்டார்கள். நானும் மனைவியும் போனோம். புதுச் சுவர்களின் மேல் தகர ஷீட் போட்டிருந்தார்கள். கம்பிக் கட்டுகள் கொல்லையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தன. எனக்குப் பாயசம் கொண்டுவந்தவர் அந்த பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவர். அந்த அம்மாவின் தம்பியாம். நான் மேலே பார்ப்பதை அவருடைய கணவர் கவனித்துவிட்டார்.

"ஷீட்டுன்னா போல்ட்ட கழட்டி வண்டில ஏத்திக்கினு போயிர்லாம் சார். தளத்த என்னா பண்றது?"

இப்போது வரைபடம் கடையில் வாங்கிய சார்ட் தாள்களை ஒட்டி வரைந்தது. கடலுக்கு நீலம் தீட்டியிருக்கிறேன். அவர் அறையைப் பெருக்குமுன் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கம் பார்க்கிறார். நான் இருந்தாலும் பார்க்கிறார்.

"இன்னிக்கு எங்க சார் போயிருக்கு கொடி?"

"எங்கயும் போகலம்மா. அங்க மழை."

"எங்க பக்கம் ஒண்ணும் வரலியே?" என்று கேட்டுவிட்டுத்தான் துடைப்பத்தை எடுக்கிறார்.