கோலம் போடாத நாளில்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்கழி அமாவாசை அன்று காலை, பட்டினப்பாக்கத்தில் அடையாறு கடலில் சேரும் இடத்தில் நடந்தது இது.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தி.நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கணவரின் தம்பி புதிதாகக் கேமரா வாங்கியதும் பழையதை என்னிடம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பது கணவரின் கருத்து. சென்னைக்குக் குளிர்காலம் என்றால் மார்கழியும் தையில் பாதியும்தான். மயிலாப்பூரே மங்கி குல்லாவும் மஃப்ளருமாகத் திரியும் அந்த நாட்களில், விடியும் முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாடவீதிகளைச் சுற்றிக் கோலங்களைப் படம் எடுப்பேன்.

சோதனைகளுக்கும் குறைச்சல் இல்லை. ஓடுகிற தண்ணீரைப் பாலாடை மாதிரி வழவழவென்று காட்டும் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டேன். அதற்கு லென்ஸை இரண்டு நிமிடமாவது திறந்து வைத்திருக்க வேண்டும். பகலில் அப்படிச் செய்தால் படம் வெள்ளையாக வெளுத்துவிடும். அதனால் வெல்டிங் செய்பவர்கள் முகத்துக்குப் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி, லென்ஸின் முன்னால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். மொட்டைமாடியில் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, கையால் அலம்பிவிட்டு ஒத்திகை பார்த்தேன். படத்தில் ஒரு சலனம்கூட இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று அமாவாசை. தர்ப்பணம் செய்கிற வீடுகளில் வாசலில் கோலம் இருக்காது. எங்கள் தெருவே வெறிச்சென்று கிடக்கும். சரி, இன்றைக்கு ஆற்றுக்குப் போகலாம் என்று கிளம்பிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போலக் கோயில் பக்கம்தான் போயிருப்பேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு தெரிந்தது. அங்கே நின்றால், ஆற்றின் குறுக்கே பாதியில் இடிந்து நிற்கும் உடைந்த பாலம் மறைப்பில்லாமல் தெரியும். இடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, சுடிதாரை மடித்துவிட்டு நடந்து போய்விட்டேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆற்றுக்குள் நட்டிருந்த மூன்று பழைய மரக்கட்டைகள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. படத்துக்கு அழகாக இருக்கும் என்று அவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

வெல்டிங் கண்ணாடியைக் கட்டிவிட்டால் கேமராவுக்குள் ஒன்றும் தெரியாது. பட்டனை அழுத்தியதும் கண்ணை மூடி நூற்றிருபது வரை எண்ணுவேன். அசைந்தால் ஈரமணலில் ட்ரைபாட் ஆடும் என்று மூச்சைக்கூட மெதுவாக விடுவேன். எண்ணி முடித்ததும் குனிந்து திரையில் படத்தைப் பார்ப்பேன். கொஞ்சம் பச்சையடித்த, அலையே இல்லாத ஆறு. இன்னும் சற்று இடப்பக்கம், இன்னும் சற்றுக் கீழே என்று மாற்றி மாற்றிப் பதினோரு படங்கள். ஒன்றரை மணி நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் திரைக்குள் இருந்த ஆற்றைத்தான்.

பன்னிரண்டாவது படத்துக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது கால்விரல்களில் சில்லென்றது. கண்ணைத் திறந்தேன். நான் நின்ற திட்டு ஒரு பாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தால் நான் வந்த வழியைக் காணோம். கடல் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சாமந்தி மாலை என்னைத் தாண்டி, கடலை விட்டு ஊர்ப்பக்கமாக வேகமாகப் போயிற்று. அந்த வேகத்தைப் பார்த்ததும்தான் நான் மாட்டிக்கொண்டது புரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது.

கணவருக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன். அப்போதுதான் உறைத்தது, அவர் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்திருப்பார், போனைத் தொடமாட்டார். அங்கே அவர் போனவர்களுக்காக எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருக்கிறார், இங்கே என் கால் தண்ணீருக்குள் இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. வேறு யாரைக் கூப்பிடுவது என்று தோன்றவில்லை. குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதேன்.

“இன்னாம்மா! அங்க இன்னா பண்ணிக்கினு கீற?”

கரையில் ஒரு படகருகே வீச்சுவலையோடு ஒருவர். என் வயதுதான் இருக்கும். அவரைப் பார்த்ததும் நேராக அவரை நோக்கிக் காலை வைத்தேன்.

“நேரா வராத! பள்ளம் கீது! கொஞ்சம் மேல போயி, இந்தப் படகாண்ட பாத்து வா. அந்தக் கம்பிய ஊணிக்கினு வாம்மா!”

கம்பி என்றது ட்ரைபாடை. போனைத் துப்பட்டாவில் முடிந்தேன், கேமராவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டினேன், ட்ரைபாடை மடக்கிக் கையில் பிடித்தேன். முழங்கால் ஆயிற்று, தொடை ஆயிற்று, இடுப்பு ஆயிற்று. தண்ணீர் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் குத்திப் பார்த்தேன். ஓரிடத்தில் ட்ரைபாட் தரையைத் தொடவே இல்லை, என் முழங்கையோடு உள்ளே போனது. நான் போட்ட அலறலில் என் காதே அடைத்துக்கொண்டது.

“பின்னால போ! பின்னால! இந்தாண்ட திரும்பு!”

அவரும் மார்பளவுத் தண்ணீரில் இறங்கியிருந்தார். வலையை வீசினார். அது என் பக்கத்தில் வந்து விழுந்தது. என் ஒரு கை ட்ரைபாடில், இன்னொரு கை கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது. அந்த நேரத்திலும்! நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“வலைய புடி! உசுரு வோணுமா, காமிரா வோணுமா?”

இரண்டையும் விட்டேன். கேமரா நெஞ்சில் மோதித் தண்ணீருக்குள் போனது. ட்ரைபாட் போனது போனதுதான். வலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். அவர் இழுத்தார். ஒரு வாய் ஆற்றுத் தண்ணீர் உள்ளே போய்விட்டது, காலுக்கடியில் இரண்டு மூன்று விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு மணல் தட்டியது.

கரையில் விழுந்து வாந்தி எடுத்தேன். அவர் வலையை உதறி, கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார்.

“இன்னிக்கு அமாவாசைம்மா. தண்ணி சாஸ்தி ஏறும். தெரியாதா?”

“அமாவாசைன்னு தெரியும். அதனாலதான் வந்தேன்” என்றேன், பல் தந்தியடிக்க.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கணவர் கருத்துதான் அவருக்கும் வந்திருக்கும். அமாவாசை என்றால் கோலம் இல்லை, சமையலில் வெங்காயம் இல்லை என்பதுவரை எனக்கு அத்துப்படி. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இத்தனை வருடம் குடியிருந்தும், அன்று கடல் என்ன செய்யும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். “போம்மா, வூட்டுக்குப் போ” என்றுவிட்டு அவர் நடந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. பிறகு இரண்டு முறை போய்த் தேடியும் அவரைப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் கணவர் அப்போதுதான் தர்ப்பணம் முடித்து எழுந்திருந்தார். “ரெண்டு தடவை போன் பண்ணியிருக்கியே, தர்ப்பணம் பண்ணிண்டு இருந்தேன். என்னது, இப்படி நனைஞ்சுண்டு வரே?” என்றார். மடியாவது ஆசாரமாவது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன்.

கேமரா பிழைக்கவில்லை. அதற்குள் இருந்த மெமரி கார்டு பிழைத்தது. ஒரு வாரம் கழித்துத் துணிச்சல் வந்து பதினோரு படங்களையும் வரிசையாகப் பார்த்தேன். முதல் படத்தில் மூன்று மரக்கட்டைகள். ஐந்தாவதில் இரண்டு. எட்டாவதில் ஒன்று, அதுவும் விரல்நுனி அளவு. கடைசிப் படத்தில் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தவள் நான். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

பதினொன்றிலும் ஆறு ஆடாமல் அசையாமல் அத்தனை அழகாக இருக்கிறது. அந்த அமைதியை வெல்டிங் கண்ணாடி கட்டி நானே உண்டாக்கினேன், நானே அதை நம்பிக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் எங்கே எது அமைதியாகத் தெரிந்தாலும், ஒரு தடவை திரும்பி முதுகுப் பக்கம் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.