கண்ணாடி பெயர்த்த சுவர்

பக்கத்து அறைப் பெண் தன் வீட்டுக்குள் குஜராத்துக் கட்ச் பகுதி மண்வீடு போல ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொமரலிங்கத்திலிருந்து கிளம்பித் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டுப் போர் வண்டி ஒன்றில் ஏறினேன். பதினோரு வருடம் துளைபோடும் இரும்பு ராடு மாட்டிக் கழற்றும் வேலை. ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், கடைசியாகக் குஜராத்தில் கட்ச். வண்டிக்கு அடியில் படுக்கை, புழுதியில் சமையல். இடது கையில் இரண்டு விரல் இன்றும் மடங்காது. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங். பத்து அறை வரிசையாக இருக்கும் லைன் வீட்டில் ஓர் அறை.

அந்த லைனில் எனக்கென்று இருந்தது ஒன்றுதான்: நான் ஊர் சுற்றினவன். குழாயடியில் வடக்கத்திப் பேச்சு வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். கட்ச் வீட்டைப் பற்றி நான் சொன்னது பாதிப் பேருக்கு மனப்பாடம். வட்டமான மண் வீடு, உள்சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடி, ஒரு விளக்கு வைத்தால் நூறு விளக்கு.

அவளும் அதைக் கேட்டவள்தான். தூத்துக்குடிப் பக்கம். ஒரே பனியன் கம்பெனியில் புருஷன் டெய்லர், அவள் செக்கிங். இரண்டு பேரும் கட்ச் பார்க்கப் போவதற்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஷிப்மென்ட் அவசரம் என்று கம்பெனி லீவு தரவில்லை. போக முடியாவிட்டால் என்ன, அந்த வீட்டை இங்கேயே செய்துவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டாள்.

விளையாட்டு என்று நினைத்தேன். வாடகைச் சுவரில் கை வைக்கக் கூடாது என்பதால் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் சுவர் உயரத்துக்கு நிறுத்தினாள். மேலே சுவருக்குப் பெயின்ட் அடிக்குமுன் பூசும் வெள்ளைப் பட்டியைப் பூசினாள். மெஹந்தி கோனில் அதே பட்டியை நிரப்பிப் பிழிந்து மயிலும் ஒட்டகமும் கொடியும் மேடாக வரைந்தாள். இடையிடையே எம்பிராய்டரி யூனிட்டில் மீந்த கண்ணாடி வில்லைகள். கட்டிங் வேஸ்ட் துணியை ஒட்டுப்போட்டு ஏழு மெத்தை தைத்து மூலையில் அடுக்கினாள். அங்கே அப்படித்தான் அடுக்குவார்களாம், ஃபோனில் பார்த்தாளாம்.

அதன்பிறகு கடைசி அறை பீகார்ப் பையன்கள்கூட அவள் வீட்டைப் பார்க்கப் போனார்கள். குழாயடியில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. நான் ஒரு கட்ச் வீட்டுக்குள்ளும் போனதில்லை. போர் போட வந்தவனுக்கு வாசலோடு சரி. தண்ணீர் கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள், நல்ல மனிதர்கள். நின்றபடி குடித்துவிட்டுச் செம்பைப் படியில் வைத்துவிட்டு வர வேண்டும். ஒருமுறை திறந்த கதவு வழியாக, கண்ணில் வெயில் கூச, கொஞ்ச நேரம் பார்த்தேன். அதைத்தான் இத்தனை வருடம் விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் நின்ற வாசலைத் தாண்டி, எங்கும் போகாத ஒருத்தி உள்ளே போய்விட்டாள்.

ஒரு புதன்கிழமை என்னைக் கூப்பிட்டாள். அவள் கம்பெனிக்குப் பட்டன் கொடுக்கும் கடைக்காரரின் மனைவிக்குச் சொந்த ஊர் கட்ச். ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறார். அதற்குள் தப்பு இருந்தால் நான் சொல்ல வேண்டும்.

"நேர்ல பாத்தவிய நீங்கதானே அண்ணே. மத்தவங்க எல்லாம் சும்மா நல்லாருக்குனுதான் சொல்லுதாவ."

கதவுக்கு எதிர்ச்சுவரைப் பார்த்தேன். வெயில் பட்டு வில்லைகள் அத்தனையும் அசைந்தன. அன்று கதவு வழியாகப் பார்த்தது அப்படியே இருந்தது.

"எல்லாம் சரிதானுங்க அம்மணி. வாசலுக்கு எதுத்தாப்ல மட்டும் கண்ணாடி வெக்க மாட்டாங்க. எழவு விழுந்த ஊட்லதான் அப்படி வெப்பாங்க."

அவள் முகம் சுருங்கியது. மறுநாள் வேலை விட்டு வந்ததும் நூல் வெட்டும் கட்டரின் நுனியால் ஒவ்வொரு வில்லையாகப் பெயர்த்தாள். பட்டி உதிர்ந்து ஒட்டகத்துக்கு ஒரு கால் போயிற்று. நான் என் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தார். லைன் முழுக்க வாசலில் கூடியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மெத்தை அடுக்கைத் தடவிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்தார். பிறகு எதிர்ச்சுவரைக் காட்டி, திருத்தமில்லாத தமிழில் கேட்டார்: "இங்கே கண்ணாடி ஏன் இல்லே? எங்க அம்மா வீட்லே இங்கேதான் நெறைய இருக்கும். வெளிச்சம் வாசல்லேதானே வருது?"

கூட்டத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியைப் பெயர்த்தது நான் சொல்லித்தான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

அவள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. "இன்னும் வேலை முடியலம்மா. அடுத்த வாரம் ஒட்டிருவேன்" என்றாள்.

விருந்தாளி போனபின் என் அறைக்கு வந்தாள். கோபத்தோடு வருவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அண்ணே, ஒரு நாளாவது அந்த வீட்டுக்குள்ள போயிருக்கியளா?"

"இல்லீங்க."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் குழாயடியில் வடக்கத்திப் பேச்சு வந்தால் நான் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவேன்.

அடுத்த வாரம் கண்ணாடி எல்லாவற்றையும் திரும்ப ஒட்டினாள். ஒட்டகத்துக்கும் கால் வந்தது. சாயங்காலம் அவள் புருஷன் எல்லோருக்கும் மோர் கொடுத்தான். பழக்கம் விடவில்லை, நான் படிக்கு வெளியே நின்று குடித்து, டம்ளரைப் படியில் வைத்தேன்.

"எடுத்துட்டு உள்ள வாங்கண்ணே" என்றாள்.

போனேன். மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்தேன். கதவு வழியாக வெயில் வந்து சுவரில் ஏறியது. உள்ளேயிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்போல. வயிறு எரிந்தது. மூன்றாவது வரிசையில் இரண்டு வில்லை கோணலாக ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.