வீட்டுக்குப் போய் அணைக்க வேண்டியது

கைபேசி விழுந்தது மாதாப்பூரில் நான் தங்கியிருக்கும் பி.ஜி. விடுதியின் மாடிப்படியில். நாலே படிதான் உருண்டது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் அதற்கப்புறம் என் முகம் அதற்குத் தெரியவில்லை. பாஸ்கோடு போட்டால் திறந்தது, பேச முடிந்தது, அதனால் இரண்டு வாரம் சும்மா விட்டுவிட்டேன். முகத்தைக் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்று அலுவலகச் செயலி அடம்பிடித்த பிறகுதான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைவிட மூத்தவர், நரைத்த தாடி. முன்பக்கக் கேமரா போய்விட்டது, மாற்றலாம், அதற்கு முன்னால் போனில் இருக்கும் திருட்டுப் பாதுகாப்பை அணைத்துத் தாருங்கள் என்றார். அணைக்கப் போனால் முகத்தைக் கேட்டது. காட்டினால் தெரியவில்லை என்றது. மறுபடி கேட்டது. முகம் வேலை செய்யவில்லை என்றுதானே ஐயா வந்திருக்கிறேன் என்று கடை நடுவில் நின்று ஒரு இயந்திரத்திடம் கத்தினேன். பாஸ்கோடு போட இடமே தரவில்லை. இந்த வசதியைக் கண்டுபிடித்தவன் நாசமாய்ப் போக.

கடைக்காரர் சிரிக்கவில்லை. வெளியிடத்தில் பாஸ்கோடு செல்லாது, திருடியவன் அதைப் பார்த்து வைத்திருக்கலாம் அல்லவா என்றார். நாம் வழக்கமாக இருக்கிற இடம் அதற்குத் தெரியுமாம். அங்கே வைத்து அணைத்தால் பாஸ்கோடே போதுமாம். “கர் ஜாகே கரோ பாய்,” என்று கைபேசியைத் திருப்பித் தந்தார். வீட்டுக்குப் போய்ச் செய்.

வீடு என்றதும் எனக்கு சிகந்தராபாத்தில் மனைவியும் மகளும் இருக்கும் லோத்குண்டா வீடுதான். வேறெதுவும் தோன்றவே இல்லை.

அங்கிருந்து நான் வெளியே வந்து அப்போது ஐந்து மாதம். அலுவலகத்துக் கோபத்தை வீட்டுக்குச் சுமந்து வருகிற ஆள் நான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், மகள் பார்த்துக்கொண்டிருக்க, மனைவிமேல் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்பதைப் பெரிய சாதனை மாதிரி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. “கொஞ்ச நாள் வெளிய இருங்க,” என்றாள். மூன்று தலைமுறையாக சிகந்தராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். சத்தம் போட மாட்டாள், சொன்னதை மாற்றவும் மாட்டாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடுவாளா என்பதைத் தவிர அந்த ஐந்து மாதமும் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

ஆக, கைபேசி ஒரு சாக்கு. போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வரச் சொன்னாள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன், பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி.

கதவைத் திறந்தது மகள். எட்டு வயது. தமிழில் எதைக் கேட்டாலும் தெலுங்கில்தான் பதில் வரும்.

“என்னட்டி, நல்லாருக்கியா?” என்றேன், எங்கள் திருநெல்வேலிப் பேச்சில்.

“பாகுன்னானு டாடி,” என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள். கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தாளா, கையைப் பார்த்தாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளருக்கு அடியில் சின்னத் தட்டு, விருந்தாளிக்கு வைப்பது போல. நான் சோபாவில் உட்கார்ந்து கைபேசியில் அந்தப் பாதுகாப்பை அணைக்கும் பக்கத்தைத் திறந்தேன்.

“ஆச்சா?”

“முகத்தக் கேக்கு.”

“வீட்ல வச்சா கேக்காதுன்னீங்க?”

“கடையில அப்படித்தான் சொன்னாரு. உள்ள ரூம்ல வச்சுப் பாக்கட்டுமா?”

படுக்கையறைக் கட்டிலில் நான் படுக்கும் பக்கம் முழுக்க மகளின் பள்ளிப் புத்தகங்கள். அவற்றை நகர்த்தத் தைரியம் வராமல் ஓரமாக உட்கார்ந்து முயன்றேன். சமையலறையில் நின்று முயன்றேன். பால்கனியில் ராணுவ நிலத்தின் சுற்றுச்சுவரைப் பார்த்தபடி முயன்றேன். எட்டு வருடம் குடியிருந்த வீட்டில், கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இடம் இடமாக அலைந்தேன். அவள் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவமானமாக இருந்தது. கடைசியில் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டேவிட்டேன்.

“நான் எப்போ வரட்டும்?”

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

“நக்கோ,” என்றாள். வேண்டாம் என்பதற்கு அவர்கள் குடும்பத்தில் அதுதான் சொல். “இப்ப கேக்காதீங்க. உங்களுக்குக் கதவத் தெறந்துட்டுப் போனவ இன்னும் அவ ரூமை விட்டு வெளிய வரல, பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுதிக்குத் திரும்பும்போது நாலரை மணி. அறையில் கூட இருப்பவர் ஊருக்குப் போயிருந்தார். கட்டிலில் சாய்ந்து, காரணமே இல்லாமல், கை பழகிய பழக்கத்தில் மறுபடி அதே இடத்தை அழுத்தினேன். முகத்தைக் கேட்டது. தெரியவில்லை என்றது. பிறகு, அதுவரை எங்குமே காட்டாத ஒரு வரியைக் காட்டியது: பாஸ்கோடு போடலாம். ஆறு எண்களைப் போட்டேன். அணைந்துவிட்டது. வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. ஐந்து மாதமாக நான் படுத்து எழுகிற இடம் இது. லோத்குண்டாவை அது எப்போதோ மறந்துவிட்டிருக்கிறது. மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது கடையிலேயே தெரிந்திருக்க வேண்டும். இந்த அறையில் வைத்து முயன்று பார்க்கலாம் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

வாய்விட்டு அழுதேன். அழுது ஓய்ந்த பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். ஐந்து மாதமாக அதிலிருந்தே எடுத்து உடுத்தி, துவைத்து, அதிலேயே திரும்ப வைத்துக்கொண்டிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினேன்.