கொக்கிப்புழுவாய் வந்த அனுக்கிரகம்

பிள்ளையார் அடியார்களே, சொல்லக் கூசும் விஷயம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

1920களில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி டாக்டராக இருந்தேன். அந்த ஆடி மாதம் கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடத்தது. முகம் வெளுத்துவிட்டது. என் அண்ணன் க்ஷயத்தில், அதாவது காசநோயில், போனவர். எனக்கும் அதுதான் என்று நம்பிவிட்டேன். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது; வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறிந்துபோகும். மருத்துவம் படித்தவன், நோயை ஒளித்துக்கொண்டு நடந்தேன். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்து, "என்னைக் காப்பாத்தப்பா" என்று அழுதேன்.

அப்போதுதான் பெரிய டாக்டர் என்னைப் பொன்முடி மலைக்கு அனுப்பினார். தேயிலைத் தோட்டக் கூலிகளில் யார் யாருக்குக் குடலில் கொக்கிப்புழு, மருந்து கொடுத்தால் அது ரத்தம் உறிஞ்சுவதால் வரும் சோகை தீருகிறதா என்று ஆராய வேண்டும். அதற்கு அவர்கள் மலத்தைத் தகர டப்பாவில் தர வேண்டும். கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று கூசிக் கூசி அதைக் கேட்டேன். யாரும் தரவில்லை. கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள் எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"டாக்டரையா, மொதல்ல ஒம்மோடதக் குடும். பொறவு நாங்க தாறோம்."

ஒரே சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. வேறு வழியில்லாமல் ஒரு டப்பாவில் என் பேரையும் எழுதினேன். பிறகு அவர்களும் தந்தார்கள்; எல்லா டப்பாக்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த பெரிய டாக்டர் நிமிர்ந்தார்.

"எடோ, புழுமுட்டை எக்கச்சக்கமா கிடக்கு. இது ஆரோடது?"

"என்னோடது, சார்."

ரத்தம் இருக்கிறதா என்று என் கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தார். நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

"நெஞ்சு சுத்தமாயிட்டு இருக்கு, கேட்டோ. க்ஷயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது சோகை."

அங்கேயே அழுதேன். எத்தனையோ கூலிகளின் இமையைத் தாழ்த்திப் பார்த்தவன் நான். சோகை அவர்களுடைய நோய் என்றே நினைத்திருந்தேன். வயல்சேற்றில் வெறுங்காலோடு வளர்ந்தவன், கால் வழியே ஏறும் அந்தப் புழு எனக்கும் வரும் என்று தோன்றவே இல்லை.

மருந்து கொடுத்த நாளில் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் குடித்தேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "ஐயாவுக்கும் நம்ம புழுதானா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை.

தை மாதம் தங்கை கல்யாணத்தில் மூச்சு வாங்காமல் ஓடியாடி வேலை செய்தேன்.

எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்துத்தான் பிள்ளையார் என் உயிரைத் தந்தார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை, போக வேண்டாம். மனசில் பயத்தைப் பூட்டி வைத்திருப்பவர்களே, அவர் சந்நிதியில் சொல்லி அழுங்கள். எழுந்ததும் நேராக ஒரு டாக்டரிடம் போங்கள்.