சும்மா குந்துகிற இடம்

ஊர் திரும்பும் விமானத்தில் எனக்குக் கிடைத்தது நடு சீட்டு. பல விதமாக உட்கார்ந்து பயணம் போனவன் நான். லாரியில் வெங்காய மூட்டை மேல், ரயிலில் கழிவறைக் கதவோரம், வளைகுடாவில் சிமெண்ட் ஏற்றிய வண்டியின் பின்னால். அங்கெல்லாம் உடம்பு எப்படியாவது தனக்கு ஒரு பள்ளம் தேடிக்கொள்ளும். இந்த சீட்டில் தேட இடமில்லை. முட்டி முன்சீட்டில் இடித்தது. முதுகு சாய வேண்டிய இடத்தில் அது புடைத்துக்கொண்டிருந்தது. முன்னால் இருந்தவர் தன் சீட்டைச் சாய்த்ததும் அவருடைய தலை என் சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் வந்து நின்றது. கை வைக்கும் கட்டைகள் இரண்டையும் பக்கத்து ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள்.

காலைத் தூக்கி சீட்டின் மேலேயே மடக்கிக்கொண்டேன். ஜன்னலோரம் இருந்தவர் எளாவூர்க்காரர், என்னைப் போல வளைகுடாவில் டிரைவர் வேலை பார்த்தவர். ஏறும்போதே ஊர் விசாரித்துப் பேச்சுக் கொடுத்திருந்தார்.

"இன்னாபா, கோழி மாதிரி குந்தினுகிறே? முட்டை கிட்டை வைக்கப் போறியா?"

"படகுல இப்டித்தாண்ணே குந்துவோம்."

"இது படகு இல்ல. இதுல குந்தறதுக்குக் காசு வாங்குவான், குந்த மட்டும் வுட மாட்டான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பணிப்பெண் வந்து காலைக் கீழே போடச் சொன்னாள்.

ஊரில் எங்கள் மீன்பிடிப் படகில் என் இடம் நடுப்பலகை. ஒரு சாண் அகலம், மெத்தை கிடையாது, உப்பில் ஊறிச் சொரசொரத்த மரம். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டுவிட்டு அதில் ஏறி உட்கார்ந்தேன். நைனா பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்புவார். பாயில் காற்று ஏறிப் படகு ஒரு பக்கம் சாய்ந்தால், நடுப்பலகைக்காரன் மறுபக்கம் உடம்பை வெளியே தள்ளிச் சாய வேண்டும். யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்வதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இடுப்பு வலிக்கும், தொடை காய்த்துப்போகும். ஒரு இடத்தில் தங்காத என் கால்கள் அந்தப் பலகையையும் விட்டுப் போயின. ஆனால் போன இடத்தில் எல்லாம், படுத்துக் கண்ணை மூடினால், தொடைக்குக் கீழே அந்த மரம்தான் வந்தது.

நான் போன பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்ட மச்சான் படகில் ஏறுகிறான் என்று தெரியும். அதனால் கிளம்பும் முன் போனில் கேட்டேன்.

"என் எடம் இருக்குதா நைனா?"

"நீ வா மொதல்ல" என்றார். அதை வழியெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

சென்னை நெருங்கியதும் விமானம் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த ஓரத்து சீட்டுக்காரர் மேல் மொத்தமாக விழுந்தேன். அவர் திடுக்கிட்டு எழுந்து முறைத்தார்.

"வுடு சார்" என்றார் எளாவூர்க்காரர். "நம்பாள் ப்ளேனை நிமித்தறாரு."

எனக்கு வெட்கமாக இல்லை. உடம்பு மறக்கவில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காட்டுக்கு பஸ். ஒல்லாந்தர் கல்லறையைத் தாண்டித் துறைக்கு நடந்தேன். அவர்களும் தூரத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள்தான். காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்குப் பொறாமையாக இருந்தது.

எங்கள் ஊரான பசியாவரம் ஏரிக்கு நடுவே ஒரு தீவு, அப்போது பாலம் கிடையாது. நைனாவும் மச்சானும் படகோடு காத்திருந்தார்கள். நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எளச்சிட்டே" என்றார். பிறகு பழைய வலையை மடித்து, அதன் மேல் கோணிப்பையை விரித்துப் படகின் அடியில் போட்டார். டவுனிலிருந்து வரும் டீச்சருக்கும் கல்யாணத்துக்கு வரும் சம்பந்திகளுக்கும் அப்படித்தான் போடுவோம்.

"இதும்மேல குந்து. பேன்ட்டு நனைஞ்சிடும்."

மச்சான் நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தான். அவன் எழப் பார்த்தான். நைனா அவனைப் பார்த்தார், அவன் உட்கார்ந்துவிட்டான்.

பாதி ஏரியில் வாடைக்காற்று பாயில் ஏறியது. படகு சாய்ந்தது. மச்சான் மறுபக்கம் சாய்ந்தான். நானும் எழுந்து விளிம்புக்குப் போய் அதே பக்கம் சாய்ந்தேன். காற்று சட்டென்று விட்டது. இரண்டு பேர் எடையில் படகு எங்கள் பக்கமாகவே கவிழப் போனது. ஒரு குடம் தண்ணீர் உள்ளே வந்து என் பெட்டியை நனைத்தது.

"மச்சான், வெளிநாட்டுச் சோறு கனமாத்தான் கீது" என்று சிரித்தான் அவன். கெட்டவன் இல்லை. என்னைவிட நன்றாகவே சாய்ந்தான்.

நைனா சிரிக்கவில்லை. "ஒருத்தன் போதும்டா" என்றார். "நீ சும்மா குந்து."

கோணிப்பையில் போய் உட்கார்ந்தேன். மெத்தென்று இருந்தது. முதுகுக்கு வலைச்சுருள், காலை நீட்ட இடம். வாழ்நாளில் அத்தனை வசதியாக நான் பயணம் செய்ததில்லை. கரை வரும்வரை காலை மடக்கவா நீட்டவா என்று தெரியாமல் இருந்தேன்.

இறால் காலம் முடிவதற்குள் மறுபடி கிளம்பிவிட்டேன். அந்த முறையும் நடு சீட்டுதான். விமானம் ஏறித் திரும்பியபோது எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். பக்கத்து ஆள் நகர்ந்து இடம் விட்டார்.