அட்டைக்கு ஒரு பொட்டு

அறுபதுகளின் கடைசியில் எனக்கு வாய்த்த கம்ப்யூட்டர் மெட்ராஸில் இருந்தது. நான் விழுப்புரத்தில் இருந்தேன். நடுவிலிருந்த நூறு மைல்தான் என் தலைவலி.

எங்களுடையது பயிர்ப் புள்ளிவிவர அலுவலகம். வல்லத்தில் எத்தனை ஏக்கர் மல்லாட்டை, மயிலத்தில் எத்தனை ஏக்கர் கேப்பை என்று வருகிற தாள்களைப் பார்த்து அட்டைகளில் துளை போட்டு, கட்டுக் கட்டாக ரயிலேற்றுவோம். மெட்ராஸில் அவற்றை மொத்தமாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள். நடுவில் ஓர் அட்டை வரிசை மாறியிருந்தாலும் போச்சு. இரண்டு மணி நேரம் ஓடிய வேலை நின்றுவிடும், முதலிலிருந்து ஓட்ட வேண்டும். திட்டு மட்டும் விழுப்புரத்துக்கு வரும்.

அதற்காக நான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். பெரிய வேலைக்கு முன்னால் அட்டைகளை ஒருமுறை படித்து, ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் முந்தையதோடு ஒப்பிட்டு, இடம் மாறியதை அச்சடித்துக் காட்டும். அவ்வளவுதான். ஆனால் என் குடும்பமே அதை நம்பி இருந்தது. மனைவி மெட்ராஸில் நர்ஸ், இரண்டு வயது மகள் அவளோடு. அவர்களுக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கலாமே என்ற அற்ப ஆசையில் நான் திண்டிவனத்தில் அறை எடுத்து, தினமும் பாசஞ்சரில் விழுப்புரம் போய்வந்துகொண்டிருந்தேன். புரோகிராம் ஓடினால் என்னைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றிக்கொள்வதாக மெட்ராஸ் அதிகாரி சொல்லியிருந்தார். மூன்று முறை ஓட்டிப் பார்க்கலாம், அதற்குமேல் மெஷின் நேரம் கிடையாது என்றும் சொல்லியிருந்தார்.

முதல் முறை ஒரு கட்டளையை ஒரு கட்டம் தள்ளித் துளைத்துவிட்டேன். இந்த முட்டாள்தனம் எனக்குத் தெரியவரவே எட்டு நாள் ஆயிற்று. இரண்டாம் முறை, கடைசி அட்டை வந்ததும் நிறுத்தச் சொல்ல மறந்தேன். அந்தச் சனியன் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அச்சடித்து ஒரு பெட்டித் தாளைத் தீர்த்துவிட்டது.

மூன்றாவதுக்கு நான் விட்டுவைத்த பிழை எதுவும் இல்லை. ரயிலில் பென்சிலும் கையுமாகப் பத்து நாள் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தேன். எழுபத்துச் சொச்சம் அட்டைகளையும் கட்டி மேஜைமேல் வைத்துவிட்டு, ஆயுத பூஜை லீவுக்கு மெட்ராஸ் போனேன். இந்த முறை கட்டாயம் ஓடும் என்று மனைவியிடம் அடித்துச் சொன்னேன். திரும்பி வந்தபோது ஹெட் கிளார்க்கே கட்டை ரயிலேற்றியிருந்தார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. அட்டைகளில் சந்தனம், குங்குமம். படிக்கும் மெஷினில் சிக்கி அரை நாள் வேலை நாசம். இனி இந்தப் புரோகிராமுக்கு நேரம் இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹெட் கிளார்க்கிடம் போனேன். மயிலத்துக்காரர், என்மேல் உண்மையான பிரியமுள்ளவர்.

"டைப்ரைட்டருக்கு வெச்சோம், தொளை போடற மெஷினுக்கு வெச்சோம். ஒன் அட்டைக்கு வெக்காம உட்டா நல்லாவா இருக்கும் தம்பி?"

"எல்லா அட்டைக்குமா சார் வெச்சீங்க?"

"மொத அட்டைக்கு மட்டும் வெச்சா மத்ததுங்க என்னா பாவம் பண்ணிச்சி? ஒண்ணொண்ணா எடுத்து வெச்சிக்கினு இருந்தேன், ஒரு மணி நேரம் ஆச்சி. வரிசை மட்டும் மாறவே இல்ல, ஜாக்கிரதையா அடுக்கினேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யாராவது வேண்டுமென்று கெடுத்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கென்று எடுத்துவைத்திருந்த பொரியை அவர் நீட்டியபோது வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. மெட்ராஸில் யாரோ ஓர் ஊழியர், பாழான அட்டைகளைப் பார்த்துப் புதிதாகத் துளை போட்டு ஓட்டியிருக்கிறார். முதல் ஓட்டத்திலேயே பிழையின்றி ஓடிவிட்டது. இனி எல்லா வேலைக்கும் முன்னால் இதை ஓட்டப் போகிறார்கள். அந்த ஊழியருக்குப் புரோகிராம் நன்றாகப் பிடிபட்டுவிட்டதால், அதற்கென்று விழுப்புரத்திலிருந்து ஆள் வரத் தேவையில்லை. எனக்குப் பாராட்டு.

ஹெட் கிளார்க் அதை அலுவலகம் முழுவதும் கேட்கும்படி வாசித்தார், பாராட்டை மட்டும் இரண்டு முறை. "பாத்தியா தம்பி, முருகன் கைவுடல. ஓடிச்சா இல்லியா?"

"ஓடிச்சி சார்" என்றேன்.

சனிக்கிழமை மெட்ராஸ் போனேன். கதவைத் திறந்ததுமே மனைவி அதைத்தான் கேட்டாள். ஓடிவிட்டது என்றேன். அவள் மகளைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"அப்ப எப்ப வர்றீங்க?" என்றாள்.